சுவர் பார்க்கும் படலம்

"அப்பா, உலகத்துலயே உயரமான ஆளு நீங்கதானா?" மாடி உயரத்தில் நின்று சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த பெயின்டரைப் பார்த்து, மகள் சின்ன வயதில் இப்படிக் கேட்டிருந்தாள். வயதாகி வேலையை விட்டதும் அவர் வீட்டில் முடங்கிப்போனார். இடுப்பில் கயிறு கட்டிச் சுவர் ஏறும் ஜிம்மில் அவரைச் சேர்த்துவிட்டால் பழைய சிரிப்பு திரும்பும் என்று மகள் நினைத்தாள்.

முதல் ஜிம்மில் ஏசி, மெத்தை எல்லாம் இருந்தன.

"கயித்த யாரு பிடிப்பாங்க?" என்றார் பெயின்டர்.

"மெஷினே பிடிச்சுக்கும் சார்."

"அப்ப வேண்டாம்."

இரண்டாவதிலும் மெஷின்தான். விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்வளவு யோசிக்கல இந்த மனுஷன்," என்றாள் மனைவி.

"யோசிச்சிருந்தா தப்பிச்சிருப்பாரும்மா," என்றாள் மகள்.

மூன்றாவது ஜிம் ஒரு பழைய கிடங்கு. அங்கே ஒருவர் ஏற, இன்னொருவர் கீழே நின்று கயிற்றைப் பிடித்தார். பெயின்டர் அன்றே சேர்ந்துவிட்டார்.

சில வாரம் பழகியபின், ஆளில்லாத ஒரு மதியம் மனைவியை மட்டும் அங்கே கூட்டிப்போனார்.

"எவ்வளவு உயரம் ஏறுறீங்க, காட்டுங்க பார்ப்போம்."

"நான் ஏறவே இல்ல. பிடிக்கத்தான் கத்துக்கிட்டேன்." குனிந்து, கயிறு கோத்த பெல்ட்டை அவள் இடுப்பில் மாட்டினார்.

"சுடிதார் போடச் சொன்னப்பவே சந்தேகப்பட்டேன். இந்த வயசுல எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"நான் போன வேலைக்கெல்லாம் கூட வந்து, ஏணியப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்தே நின்ன. இனி நான் அண்ணாந்து பார்க்கறேன். நீ ஏறு."

அவள் கடவுளை நினைத்துக்கொண்டு சுவரில் கை வைத்தாள். முதுகுக்குப் பின்னால் கயிறு மெல்ல இறுகியது.