நனையாத கை

உலகத்தாரே, செவி சாயுங்கள்: சர் மர்டோக்கின் மூன்றாவது மகன் இன்று கிறிஸ்தவன் ஆகிறான், ஒரு கையைத் தவிர.

அந்த வலது கை, எல்லை ஆற்றுக்கு அக்கரை ஆங்கிலேயரை வெட்டவென்று ஒதுக்கப்பட்டது. தீர்த்தம் பட்ட கை வெட்டும்போது தயங்கும். படாத கை தயங்காது. எங்கள் எல்லைப்புறத்தில் மாடு திருடத் தெரியாதவனுக்குக்கூட இது தெரியும்.

சர் மர்டோக் முழுக் கவசத்தோடு கோயிலுக்கு வந்திருந்தார். மழையில் துருவேறிய கவசம், அடிக்கு அடி பழைய கதவு மாதிரி முனகியது.

"சாமி, அந்தக் கையில ஒரு சொட்டு பட்டுச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன். நாளைக்கு வெட்ட வேண்டிய கை."

பாதிரியார் தலையாட்டினார். மூத்த பையன்கள் இருவருக்கும் அவர்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். அடக்கம் செய்ததும் அவர்தான். நனையாத கைகளோடு அக்கரைக்குப் பாய்ந்தவர்கள், மாட்டு வண்டியில் திரும்பி வந்தார்கள்.

வீட்டில் தாய் மரியோட்டா படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். பிள்ளை பெற்றவள் தீட்டு நாள் கழியாமல் கோயில் படி மிதிக்கக் கூடாது. காலையில் பிள்ளையின் கையைத் தீர்த்தம் படாதபடி சிவப்புத் துணியால் இறுகச் சுற்றி அனுப்பியவள் அவள்தான். மருத்துவச்சி பெத்தோக்கிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள்: பிள்ளை அப்பாவைப் பார்க்கிற மாதிரி பிடி.

பெத்தோக் அப்படியே பிடித்தாள். ஞானஸ்நானத் தொட்டிக்கு எதிரே நின்ற சர் மர்டோக், சிவப்புத் துணி தன் வலப்பக்கம் இருப்பதைப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது; கவசம் முனகியது. எதிரே இருப்பவனின் வலம் தனக்கு இடப்பக்கம் என்று யோசிக்கும் வழக்கம் அந்த வம்சத்தில் இல்லை. வாட்போரில் அவர்கள் தோற்பதற்கும் அதுவே காரணம்.

மணி அடித்தது. மரியோட்டாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெறுங்காலோடு வீட்டு மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டாள்.

"வலது கை முழங்கை வரைக்கும் நனைஞ்சிருச்சும்மா. இனி இவன் ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டான்," என்று பிள்ளையோடு திரும்பி வந்த பெத்தோக் அவள் காதில் சொன்னாள்.

மரியோட்டா அந்த ஈரக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். கீழே சர் மர்டோக், தன் மகன் கொய்யப்போகும் தலைகளை விருந்தினருக்கு வர்ணித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கோடையில் பிள்ளை முற்றத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி, எட்ட நின்ற சேவலை ஒரே எறியில் சாய்த்தான்.

இடது கையால்.