தொலைத்தவர்

"அப்பா, நீங்க ஏன் இப்பல்லாம் வேலைக்குப் போறதில்ல?" என்று ஏழு வயதில் அவள் கேட்டாள்.

"ஒரு ஃபைலைத் தொலைச்சிட்டேன்மா. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க," என்றார், பதிவறை எழுத்தராக இருந்த அப்பா.

இருபத்தோரு வயதில், வரலாறும் ஆவணக் காப்பும் சேர்ந்த மேற்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். எறும்புக்கும் வழிவிடும் அந்த மனிதர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"வேற எது வேணும்னாலும் படி. அந்தத் தூசி என்னோட போகட்டும்."

"ஊரே உங்களைத் தொலைச்சவர்னு சொல்லுதுப்பா. அதே வேலையை ஒழுங்கா செஞ்சு காட்டத்தான் போறேன்."

"நான் கூட வந்து சேத்துவிட மாட்டேன்."

"வேணாம். எனக்கு பஸ் நம்பர் தெரியும்."

இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்குக் கேட்டு வாங்கியது அதே பதிவறை. யாரும் தொடாத கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நாலாம் நாள், சம்பந்தமில்லாத ஒரு கட்டின் நடுவில், தொலைந்ததாகப் பதிவேட்டில் குறித்திருந்த எண்ணோடு அந்த ஃபைல் கிடைத்தது. அட்டையின் பின்பக்கம் சிவப்புப் பென்சிலில் ஒரு பூனை. அதன் கீழே கோணல் எழுத்தில், "அப்பாவுக்கு."

அவள் எழுத்து. பள்ளி விடுமுறையில் அங்கே வந்து, அலமாரிகளுக்கு நடுவே விளையாடியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தொலைத்தவள் அவள். மகளின் விளையாட்டில்தான் ஃபைல் போனதென்று ஊகித்துப் பழியைத் தாம் ஏற்றவர், அது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்றுதான் படிப்பைத் தடுத்திருக்கிறார்.

மதியச் சாப்பாட்டு நேரம். கடவுளைத் தவிர அறையில் யாருமில்லை. பழைய பதிவேட்டில், "எழுத்தரின் கவனக்குறைவால் தொலைந்தது" என்ற வரிக்கு எதிரே எழுதினாள்: "கிடைத்தது. எழுத்தர்மேல் குற்றமில்லை. இடம் மாற்றி வைத்தது அவர் மகள்."

கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.