தக்காளிப் பூ

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் புதுப்புடவையில் ரத்தம் சிந்தும்.

நாக்குக்கு அடியில் கடைவாய்ப் பல் ஒன்று கிடந்தது.

காலடியில் தக்காளிப் பூ.

தோலை அறுந்துவிடாமல் நீளமாக உரித்து, சுருட்டி, ரோஜாப்பூ மாதிரி நிற்க வைத்திருந்தாள். சற்று முன்புவரை தாம்பாளத்து பிரியாணியின் நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. பாவி, அதற்காகவா ஒருத்தன் அடிப்பான்?

அதற்காகத்தான் அடித்தான். ஜல்லிக்கரண்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் தாடையில் ஓங்கி ஓர் அடி. சுருண்டு விழுந்தவளின் முதுகில் மறுபடியும், மறுபடியும்.

"இதுல தக்காளி போட்டிருக்குதாடி?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். தக்காளியே சேராத வெள்ளை பிரியாணி அது.

"அப்பறம் எதுக்கு மேல வெச்ச? மேல வெக்கறது உள்ள இருக்கறதச் சொல்லோணும். படிச்சுப் படிச்சுச் சொன்னனா இல்லியா? தட்டு பொய் சொல்லப்படாது!"

பூவைக் காலால் நசுக்கினான்.

அவள் புருஷன் சம்பத். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் சமையல்காரன். அங்கே தலைமைச் சமையல்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த இடம் இவனுக்கா, இன்னொருத்தனுக்கா என்பது இன்றைக்குத் தெரியும். முதலாளியும் அவர் மனைவியும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஈரத் துணியை எடுத்தான். தாம்பாளத்தின் விளிம்பில் தெறித்திருந்த நெய்யைத் துடைத்தான். விளிம்பில் ஒரு சொட்டு இருந்தாலும் அவனுக்கு ஆகாது.

பிறகு அதே துணியால் அவள் உதட்டோரத்தைத் துடைத்தான்.

அடேயப்பா, என்ன சுத்தம்!

தாடை வீங்க ஆரம்பித்திருந்தது. மல்லிகைச் சரத்தைக் காதோரமாக முன்னால் இழுத்துவிட்டான். தள்ளி நின்று பார்த்தான். இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான்.

"பல்லக் குப்பையில போட்டுட்டு வாயக் கொப்புளி. பேசாத. சிரிச்சாப் போதும்."

சட்டை மாற்றப் போனான். விசில் வேறு.

வழக்கமாக அவன் அடிப்பது வெளியில் தெரியாது. முதுகு, தொடை, வாய்க்குள். முகம் அப்படியே இருக்கும். ஒருமுறை அண்ணனுக்குப் போன் போட்டு அழுதாள். அண்ணன் அரக்கப்பரக்க பஸ் ஏறி வந்தான். மாப்பிள்ளை விழுந்து விழுந்து பரிமாறினான். அண்ணன் ஏப்பம் விட்டபடி அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"நல்லாத்தான இருக்கற?"

கை கழுவிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

ஒருத்தர் நம்பினால் போதும். ஒரே ஒருத்தர். இல்லாவிட்டால் அடுத்த தடவை இது பல்லோடு நிற்காது. அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

பல்லை உள்ளங்கையில் துப்பினாள்.

குப்பைக்கூடை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது.

முதலாளி அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து மனைவி சௌந்தரம்மாள் பேசினார். "வேகாத வெயில்ல அடுப்படியில நின்னியா? நீயும் எங்ககூட உக்காரு கண்ணு."

அவள் உதட்டை மூடியபடி சிரித்தாள்.

தாம்பாளத்தைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். மூடியோடு.

சம்பத் வீட்டில் அப்படித்தான். விருந்தாளிகள் முதலில் அவன் பேச்சைக் கேட்க வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். சாப்பாடு அதற்கும் பிறகுதான்.

"மேல தூவறது அழகுக்குன்னு நெறையப் பேரு நெனைக்கறாங்க. இல்லீங்க. மேல முந்திரி இருந்தா, உள்ள முந்திரி அரைச்சு விட்டிருக்குதுன்னு அர்த்தம். புதினா இருந்தா உள்ள புதினா. தொட்டுக்க வெக்கறதுக்கும் காரணம் இருக்குதுங்க. தயிர் வெங்காயம் காரத்தத் தணிக்கும். கத்திரிக்காத் தொக்கு நெய் தெகட்டாமப் பாத்துக்கும். ஆனா உள்ள இல்லாத ஒண்ண மேல வெச்சா, அது சாப்பிடறவங்கள ஏமாத்தறதுங்க."

முதலாளி மெச்சுகிற மாதிரி தலையாட்டினார். வேலை கிடைத்த மாதிரிதான்.

"மூடிய எடும்மா," என்றான் சம்பத். குரலில் தேன் ஒழுகியது.

எடுத்தாள்.

ஆவி மெல்ல விலகியது.

வெள்ளைச் சோறு. சுற்றிலும் வறுத்த முந்திரி. விளிம்பில் ஒரு சொட்டு இல்லை. நடுவில், தக்காளிப் பூ இருந்த இடத்தில், ஒரு புதினா இலை.

இலையின் மேல் பல்.

அதைச் சுற்றிச் சோறு சிவந்திருந்தது.

சம்பத்தின் கை ஈரத் துணியைத் தேடி மேசை மேல் அலைந்தது. முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

சௌந்தரம்மாள் அசையவில்லை. பல்லைப் பார்த்தார். மல்லிகைச் சரத்தைப் பார்த்தார். இன்னும் மூடியபடி சிரித்துக்கொண்டிருந்த உதட்டைப் பார்த்தார்.

கையை நீட்டிச் சரத்தை ஒதுக்கினார்.

"வாயத் தொற, கண்ணு."

புடவை போனால் போகட்டும்.

அவள் திறந்தாள்.