பெயரில் ஏறிய ஊசி

இரண்டாவது கொரோனா ஊசிக்கே மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவள் அபிதா. இருபத்து மூன்று வயதில் பூஸ்டர் அவசியந்தானா என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலையில், பூஸ்டரும் அவளுக்குப் போடப்பட்டுவிட்டதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. நேரே தடுப்பூசி முகாமுக்குப் போனாள்.

“உனக்குப் போட்டாச்சுன்னு காட்டுதேம்மா,” என்றார் நர்ஸ், கணினியைப் பார்த்தபடி.

“நான் இந்தப் பக்கமே வரலக்கா. அப்ப என் பேர்ல யாருக்குப் போட்டீங்க?”

நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். “இன்னொண்ணு போட்டுக்கப் பொய் சொல்றியா?”

அபிதாவுக்குச் சுருக்கென்றது. வேண்டாமென்று சொல்லத்தான் பாதி மனசு. ஆனால் அதை அவளல்லவா சொல்ல வேண்டும்? சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“போடுங்க,” என்றாள்.

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவள் எழுந்திருக்கவில்லை.