முன் இடது சக்கரம்

"என் பேரு எங்கடா?"

சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை மூன்றாவது தடவையாக மேலிருந்து கீழே படித்தார் 'ரெண்டு செகண்டு'.

ரேஸ் நடுவில் கார் உள்ளே வந்து நிற்கும்போது, பாய்ந்து போய்ச் சக்கரம் மாற்றுகிற குழுவின் பட்டியல் அது. புது சீசனின் முதல் ரேஸுக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. பதினோரு வருஷமாக முன் இடது சக்கரத்துக்கு நேரே அவர் பெயர்தான் இருக்கும். கார் நின்றதும் நட்டைக் கழற்றி, புதுச் சக்கரம் ஏறியதும் மறுபடி முடுக்க அவருக்கு இரண்டே செகண்டு போதும். பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான்.

"கீழ இருக்குண்ணே," என்று தயங்கினான் காரைத் தூக்கி நிறுத்துகிற ஜாக்கி. "டயருக்குச் சூடு ஏத்துற இடத்துல."

"டயருக்குப் போர்வை போத்துற வேலையா? எனக்கா?"

நேரே தலைமை மெக்கானிக்கிடம் போய் நின்றார். அவர் விமானத்தில் ஏற வேண்டிய பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான் எடுக்கலப்பா. டிரைவர் தம்பிதான் கேட்டுச்சு."

"எதுக்காம்?"

"விடேன்."

"சொல்லுங்க சார்."

"உன் மூஞ்சியப் பார்த்துட்டுக் கிளம்பினா ராசியில்லையாம்."

ரெண்டு செகண்டுக்குக் காது இரண்டும் சூடாகிப்போனது.

பத்தே நிமிஷத்தில் செய்தி பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. கையிலிருந்ததை எல்லோரும் கீழே போட்டுவிட்டார்கள்.

"வந்த புதுசுல ஹெல்மெட் வாரைக்கூட மாட்டத் தெரியாம முழிச்சவன்! மாட்டி விட்டது யாரு? அண்ணன்தானே?"

"ஏத்திவிட்ட ஏணியையே எட்டி உதைக்கிறான் பாரு."

"போன வருஷம் கடைசி ரேஸ்ல முதல் ஆளா போய்க்கிட்டு இருந்தவன், பயந்துபோய் நாலாவதா வந்து சேர்ந்தான்," என்றான் ஜாக்கி. "பேப்பர்ல எல்லாரும் கிழிச்சுத் தொங்க விட்டாங்க. அதுக்கு அண்ணன் மூஞ்சியா கெடைச்சுது?"

ஒருவன் காகிதம் கொண்டுவந்தான். 'இவரைத் திரும்ப எடுக்காவிட்டால், இந்த சீசனில் உங்கள் காரை நாங்கள் தொட மாட்டோம்.' பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

"நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்," என்று வாங்கிக்கொண்டார் ரெண்டு செகண்டு.

மாடியில் உடற்பயிற்சி அறை. டிரைவர் தலையில் பட்டை மாட்டி, எடையைக் கழுத்தாலேயே இழுத்துக்கொண்டிருந்தான்.

"ராசியில்லைன்னு சொன்னது நீதானா தம்பி?"

"ஆமாண்ணே." திரும்பக்கூட இல்லை.

"பதினோரு வருஷம்! மழை, வெயில்னு பார்த்திருப்பேனா? வேலை தெரியலைன்னு சொல்லு, கேட்டுக்கிறேன். நேரம் கூடிப்போச்சுன்னு சொல்லு, கேட்டுக்கிறேன். என் மூஞ்சியப் பத்திப் பேச நீ யாருடா?"

காகிதத்தை அவன் மடியில் விசிறினார்.

அவன் பட்டையைக் கழற்றினான். பதினெட்டுக் கையெழுத்தையும் நிதானமாகப் படித்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"கண்ணை மூடிக்கிட்டு வலது கையை நீட்டுங்கண்ணே."

"என்ன, விளையாடுறியா?"

"ஒரே ஒரு தடவை."

முறைத்துக்கொண்டே மூடினார்.

"எந்த விரலைப் புடிச்சிருக்கேன்?"

"முதல்ல புடி. அப்புறம் கேளு."

கண்ணைத் திறந்தார்.

அவருடைய ஆள்காட்டி விரலை அவன் இறுக்கி அழுத்திப் பிடித்திருந்தான். நகம் வெள்ளையாகிக் கிடந்தது.

ரெண்டு செகண்டு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எத்தனை நாளாண்ணே?"

வருஷக்கணக்காக, நட்டு முடுக்குகிற அதிரும் கருவியைப் பிடித்தே மரத்துப்போன கை. குளிருக்கு அப்படித்தான் இருக்கும், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏழெட்டு மாசம் ஓட்டிவிட்டார். கட்டின மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

"கடைசி ரேஸ்ல நட்டு எங்கேன்னு நீங்க தடவித் தேடினதைப் பார்த்தேன். உங்க சக்கரம் சரியா முடுக்கலண்ணே. ஆட ஆரம்பிச்சுது. நிறுத்தியிருக்கணும், புத்தியில்லாம உருட்டிக்கிட்டே வந்துட்டேன். கழண்டு கூட்டத்துக்குள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? இன்னொரு தடவை அப்படி விட முடியாதுண்ணே."

"டயர் தேஞ்சுபோச்சுன்னுல பேட்டி குடுத்த?"

"வேற என்ன சொல்றது?"

"அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கலாமேப்பா. இந்த ராசிப் பேச்சு எதுக்கு?"

"கை மரத்துப்போச்சுன்னு சொன்னா, கம்பெனி மறுநாளே உங்களை வீட்டுக்கு அனுப்பிடும். ராசியில்லைன்னு சொன்னா, திட்டு எனக்குத்தானே விழும்? எனக்கு அது பழக்கம்தான். நீங்க மொதல்ல டாக்டரைப் பாருங்க."

காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி பட்டையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டான்.

கீழே பதினெட்டுப் பேரும் மாடிப்படியைப் பார்த்தபடியே நின்றிருந்தார்கள். அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். வந்தவர் ஜாக்கியின் கண் முன்னாலேயே காகிதத்தை நாலாகக் கிழித்தார்.

"அப்படிப் போடுங்க! என்னண்ணே, மன்னிப்புக் கேட்டானா?"

"இல்லடா. நான்தான் அவன்கிட்ட கேக்கணும்."