மூன்றாம் ஓலை

"ஃபாதர், நாளைக்கு எங்க ஓலையை வாசிக்காதீங்க. ஒரு தடை இருக்கு."

பங்குத்தந்தை பேனாவை மூடி வைத்தார். எதிரே நின்றவள் அழகு நிலையம் நடத்துபவள், இப்போது மணப்பெண். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் 'ஓலை' என்று மணமக்கள் பெயரை வாசித்து, 'தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று கேட்பது வழக்கம். இரண்டு ஞாயிறு போய்விட்டது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் மணப்பெண்ணே வந்து நிற்கிறாள்!

"என்ன தடை? மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஐயையோ! அவரு சொக்கத் தங்கம் ஃபாதர்."

"குடிப்பாரோ?"

"காபியே குடிக்க மாட்டாரு."

"அப்போ தடை யாரும்மா?"

"நான்தான்." சொன்னதும் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "உட்காரு. நிதானமா சொல்லு."

"சிஸ்டர்ஸ் நடத்துற முதியோர் இல்லத்துல முடி வெட்டிவிடக் கூப்பிட்டாங்க. படுத்த படுக்கையா இருந்த ஒரு அம்மாவுக்கு வெட்டி முடிச்சு, கண்ணாடியைக் காட்டினேன். பார்த்துட்டு என் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தாங்க. எத்தனை கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்ணியிருக்கேன்! இப்படி மனசு நிறைஞ்சதே இல்ல. அதுலேர்ந்து வாரா வாரம் போறேன். அங்கேயே கன்னியாஸ்திரியா இருந்துடணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது."

"கல்யாண பயத்துல வந்த ஆசையா இருக்கப் போகுது."

"பயமெல்லாம் இல்ல. அவரை எனக்குப் பிடிக்கும், அதான் கஷ்டமே! ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாச்சு. இப்ப நான் மாட்டேன்னா, அந்த நல்ல மனுஷன் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாரு? ஏழு தடவை சொல்லப் போயிட்டேன், முகத்தைப் பார்த்ததும் வாய் வரல. அவரை அழ வெச்சுட்டு நான் மடத்து வாசலை மிதிக்க மாட்டேன் ஃபாதர்."

பங்குத்தந்தை மெல்லச் சிரித்தார்.

"நாளைக்கு உங்க ஓலை கிடையாதும்மா. உனக்கு அரை மணி நேரம் முன்னாடியே ஒருத்தர் வந்து தடை சொல்லிட்டாரு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு ஃபாதர்? என்னைப் பத்தித் தப்பா ஏதாவது..."

"'கல்யாணப் பேச்சை எடுத்தா பதில் மட்டும் சொல்றா, அந்த இல்லத்தைப் பத்திப் பேசினா முகமெல்லாம் சிரிக்கிறா. அவ இடம் அதுதான். எனக்காகப் பார்த்துக்கிட்டு அவ வாயே திறக்க மாட்டா ஃபாதர்'னு சொன்னாரு உன் மாப்பிள்ளை. இந்நேரம் உங்க வீட்டு வாசல்ல நின்னு, 'கல்யாணம் வேண்டாம்னு சொல்றது நான்தான்'னு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டு, உங்க அப்பாகிட்ட திட்டு வாங்கிட்டிருப்பாரு. ஓடு! ஆண்டவருக்கு நன்றி அப்புறம் சொல்லிக்கலாம். முதல்ல அவருக்குச் சொல்லு."