நல்லவர் என்று எழுதாதே

'என் மேடம் மிகவும் நல்லவர்' என்ற ஆங்கில வரியைச் சிவப்புப் பேனா ஒரே இழுப்பில் அடித்தது.

மாரிவிக்கின் முகம் வாடியது. பணிப்பெண்களுக்கான கதைப் போட்டி. சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். தேர்வானால் புத்தகத்தில் வரும். சொந்த ஊரான இலோய்லோவில் இருக்கும் மகள் அம்மாவின் பெயரை அச்சில் பார்ப்பாள்.

"என்னைப் புகழ்ந்தா மார்க் போட்டுடுவேனா?" என்றார் சுவீ லியன். தோ பாயோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. வீட்டிலும் அதே குரல்தான். "நல்லவர், கெட்டவர்னு நீ சொல்லக் கூடாது. நடந்ததைக் காட்டு. படிக்கிறவங்க தானா சொல்லணும்."

"ஞாயித்துக்கிழமைகூடப் பாடமா? பாவம், விடேன்" என்றது சோபாவில் விரிந்திருந்த பேப்பர். அதற்குப் பின்னால் கணவர் பூன் ஹாக்.

"நீங்க பேப்பரைப் படிங்க. ம், சொல்லு மாரிவிக். நான் நல்லவள்னு காட்ட ஒரு சம்பவம்."

மாரிவிக் தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுகூடவா இல்லை?"

பேப்பர் குலுங்கிச் சிரித்தது. "மூணு வருஷத்துல ஒண்ணுகூடக் கிடைக்கலையாம்!"

சுவீ லியனின் காது சிவந்தது. மாரிவிக்குக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இருக்கு மேடம். ஆனா சார் இருக்காரே..."

"சார் என்ன புலியா? சொல்லு."

"சாரோட அம்மா குடுத்த பீங்கான் டீ கெண்டி... அதை உடைச்சது நான்தானே? நீங்க உங்க மேல பழியைப் போட்டுக்கிட்டீங்க."

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

மாரிவிக் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கதையும் போச்சு, வேலையும் போச்சு.

"நான்தான் உடைச்சேன்!" என்றார் சுவீ லியன் அவசரமாக. "இவ கதை விடறா. கதைப் போட்டி இல்லையா, அதான்."

பூன் ஹாக் பேப்பரை நிதானமாக மடித்தார்.

"கெண்டி உடைஞ்ச அன்னைக்கு இவ விரலெல்லாம் பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு எனக்குச் சோறு வச்சா, லியன். பின்ன எதுக்காம், 'இனிமே யாரும் பாத்திரத்தைத் தொடக் கூடாது'ன்னு கத்திட்டு, அந்த வாரம் பூரா நானே கழுவினேன்?"